ஆங்கிலச் சட்டையில் தமிழ்ப் பத்தி: ஒரு வலைப்பதிவுப் பக்கத்தின் நிகழ்வு ஆய்வு

360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரை. இரண்டு ஓரமும் பதினாறு பதினாறாகப் போக, எழுத்துக்குக் கிடைப்பது 328 பிக்சல். அதில் இரு ஓரமும் நேராக நிற்கும்படி ஒரு தமிழ்ப் பத்தி. முதல் வரியில் மூன்று சொல். அடுத்த வரியில் இரண்டே சொல், நடுவில் விரல் நுழையும் பள்ளம். அதற்கடுத்த வரியில் ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ தனியாக நிற்கிறது. மேல் வரியில் தொங்கும் ‘ழு’வின் வால், கீழ் வரியிலிருந்து எழும்பும் ‘கீ’யின் கொக்கியில் முட்டுகிறது. எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வாசகரின் கண் வரிக்கு வரி தடுக்கி விழுகிறது.

இங்கே ஆய்வுக்கு எடுத்திருப்பது யாரோ ஒருவருடைய தளத்தை அல்ல. இருபது ஆண்டுகளாகத் தமிழில் தனிப்பதிவு எழுதிவருபவர்களின் தளங்களில் திரும்பத் திரும்பக் காணும் அமைப்பை ஒரே பக்கமாக வைத்துப் பார்க்கிறோம். இலவசமாகக் கிடைத்த, ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த வார்ப்புரு. அதன் தொடக்க நிலை: எழுத்தளவு 16 பிக்சல், வரி உயரம் 1.5, பத்தியின் அகலம் 65 சிஎச் (எழுத்தகலத்தை வைத்து அளக்கும் அலகு), இருபுறச் சீர்மை (இரு ஓரமும் நேராக நிற்பது), தலைப்பு 40 பிக்சல் அளவில் 1.1 வரி உயரம், பக்கத்தின் மொழி எது என்று உலாவிக்குச் சொல்லும் மொழிப் பண்பு ஆங்கிலம். பழைய பதிவுகளில் ஒரு பகுதி யூனிகோடுக்கு முந்திய குறியேற்றத்திலிருந்து (எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறை) மாற்றிக் கொண்டுவரப்பட்டது.

இப்படி ஒரு பக்கம் கையில் வந்ததும் பலரும் முதலில் எழுத்துருவைத்தான் மாற்றுகிறார்கள். நாலைந்து எழுத்துருவை மாற்றிப் பார்த்து, எதுவும் சரியாக உட்காராமல் விட்டுவிடுகிறார்கள். குறை அங்கே இல்லை. வரியின் அகலம், உயரம், ஓரம் மூன்றும் தமிழ்ச் சொல்லின் நீளத்தையும் தமிழ் எழுத்தின் மேல்-கீழ் நீட்சியையும் அறியாமல் வைத்தவை. பத்தியைச் சரிசெய்யாமல் எழுத்துருவைத் தேடுவது, அளவெடுக்காமல் துணி எடுப்பது போலத்தான்.

பத்தி

முதலில் இருபுறச் சீர்மை. கைபேசியில் எழுத்தளவை 17 பிக்சலாக வைத்தால் சொல்லிடைவெளி ஏறக்குறைய 4 பிக்சல். 328 பிக்சல் வரியில் மூன்று சொற்கள் உட்கார்ந்து, நான்காவது சொல் கொள்ளாமல் 60 பிக்சல் மிஞ்சுகிறது என்று வையுங்கள். மிஞ்சிய இடத்தை இரண்டே இடைவெளிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30 கூடுதல், ஆக 34 பிக்சல். இயல்பான இடைவெளியைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். ஆங்கில வரியில் அதே அகலத்தில் ஏழெட்டுச் சொற்கள் இருக்கும், மிச்சமும் குறைவு, பங்கிடும் இடைவெளிகளும் அதிகம். அதனால் அங்கே உறுத்துவதில்லை.

அச்சில் தமிழ் நெடுங்காலமாக இருபுறமும் நேராகத்தானே வருகிறது என்று கேட்கலாம். அச்சில் சொல்லை வரிக்கடைசியில் உடைத்துக்கொள்வார்கள். அதுவும் பெரும்பாலும் சிறுகோடு போடாமல், மெய்யெழுத்து வரித் தொடக்கத்தில் வராதபடி பார்த்து உடைப்பார்கள். கோப்பவருக்கு அது கைப்பழக்கம். உலாவிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் ‘ஹைஃபன்ஸ்: ஆட்டோ’ என்று எழுதினால், மொழிப் பண்பு தமிழ் என்று இருந்து, அந்த உலாவியிடம் தமிழுக்கான சொல்லுடைப்பு அட்டவணையும் இருந்தால்தான் வேலை நடக்கும். நடந்தாலும் வரிக்கடைசியில் ஆங்கிலச் சிறுகோட்டைச் சேர்க்கும். ‘ஹைஃபனேட்-கேரக்டர்’ என்ற பண்புக்கு வெற்று மதிப்பைக் கொடுத்தால் கோடு மறையும். அச்சு வழக்கத்துக்கு அது நெருங்கி வரும். எல்லா உலாவியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால் இதைக் கூடுதல் வசதியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், நம்பி இருபுறச் சீர்மை வைக்கக் கூடாது. கைபேசியில் இடப்புறம் மட்டும் நேர். கணினித் திரையிலும் அதுவே நல்லது.

வரிக்கு வெளியே நீளும் சொல்லைப் பிடிக்க ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. தமிழ்ப் பக்கத்தில் அதைத் தொடவே வேண்டாம். அது இடம் தீர்ந்த இடத்தில் வெட்டும். ‘வந்து’ என்பதில் ‘வந்’ மேலே, ‘து’ கீழே என்று போனால் பொறுத்துக்கொள்ளலாம். ‘வ’ மேலே, ‘ந்து’ கீழே என்று போனால் மெய்யில் தொடங்கும் வரி வந்துவிடும். ‘ஸ்ரீ’ இருந்தால் ‘ஸ்’ ஒரு வரியிலும் ‘ரீ’ அடுத்த வரியிலும் போய் விழும். இதற்குப் பதில் ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்’ போதும். ஒரு சொல் முழு வரியிலும் கொள்ளாதபோது மட்டும்தான் அது வெட்டும். முதலில் சொன்ன அந்த நெடுஞ்சொல்லில் 20 எழுத்துகள். 17 பிக்சலில் எழுத்துருவைப் பொறுத்து 250 முதல் 300 பிக்சல்வரை போகும். 328-இல் கொள்ளும், வெட்டு விழாது. மேற்கோள் பெட்டிக்குள் இரண்டு பக்கமும் 24 பிக்சல் உள்தள்ளல் வைத்திருந்தால் 280 தான் மிஞ்சும், அங்கே வெட்டு விழக்கூடும். கைபேசியில் மேற்கோளுக்கு உள்தள்ளலைக் குறைத்து, இடப்பக்கம் ஒரு கோடு மட்டும் போடுவது இதற்காகத்தான்.

‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம்’ என்று பிரித்து எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். பிரிக்கலாமா என்பதை எழுதுபவரின் நடைதான் சொல்ல வேண்டும், திரை சொல்லக் கூடாது. வடிவமைப்பாளரின் வேலை, எழுதியதை எழுதியபடி தாங்கும் பக்கத்தைக் கொடுப்பது.

அடுத்தது அகலம். ஆங்கிலத்துக்கு வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்பார்கள். வார்ப்புருவில் உள்ள 65 சிஎச் அந்தக் கணக்கில் வந்தது. ஆனால் சிஎச் என்பது சுழி என்னும் இலக்கத்தின் அகலம். எழுத்துருப் பட்டியலில் முதலில் இருப்பது ஆங்கில எழுத்துரு என்றால், அதன் சுழியைத்தான் உலாவி அளக்கும். தமிழ் எழுத்து அதைவிட அகலம். சராசரியாக எழுத்தளவில் முக்கால் பங்குக்கும் மேல். ஆகவே 65 சிஎச் என்பது தமிழில் நாற்பத்தைந்து எழுத்தைச் சுற்றி நிற்கும். தமிழுக்கு அது பொருத்தமான அளவுதான், ஆனால் தற்செயலாக வந்த பொருத்தம். முதல் எழுத்துருவை மாற்றினால் பத்தியின் அகலமும் சொல்லாமல் மாறும். அதனால் எழுத்தளவையே அலகாகக் கொண்ட ‘எம்’மில் வைக்க வேண்டும். 18 பிக்சல் எழுத்துக்கு 36 எம் என்றால் 648 பிக்சல். வரிக்கு ஏறக்குறைய ஆறு சொல். 40 எம்முக்கு மேல் போனால் வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடுவதில் கண் தவறும். கைபேசியில் இந்த வரம்பு தானே செயலிழக்கும். அங்கே ஓரங்களை 16 பிக்சலுக்கு மேல் வீணாக்காமல் இருந்தால் போதும்.

வரி உயரம்தான் மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது. தமிழ் எழுத்து மேலேயும் வளரும், கீழேயும் வளரும். ‘கி, கீ, றீ’ மேலே கொக்கி போடும், புள்ளி தலைக்கு மேல் உட்காரும். ‘கு, ழு, ளூ, ஞ’ கீழே இறங்கும். ஆங்கிலத்திலும் இரு பக்கமும் நீளும் எழுத்துகள் உண்டு, ஆனால் தமிழில் இவை ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் வருகின்றன. 1.5-இல் வரிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. 1.75-இல் விலகி நிற்கின்றன. 18 பிக்சலுக்கு அது 31.5 பிக்சல். 1.9 தாண்டினால் பத்தி பத்தியாக இல்லாமல் பட்டியல்போல் ஆகிவிடும். மதிப்பை அலகில்லாத வெறும் எண்ணாக எழுதுவது முக்கியம். ‘175 சதவீதம்’ என்று எழுதினால் பெற்றோர் உறுப்பில் கணக்கிட்ட பிக்சல் மதிப்பு அப்படியே உள்ளே இறங்கி, பெரிய துணைத்தலைப்புக்கும் அதே 31.5 பிக்சல் போய்ச் சேரும், வரிகள் ஏறி மிதிக்கும்.

தலைப்பில் நிலை இன்னும் மோசம். 40 பிக்சலுக்கு 1.1 என்றால் 44 பிக்சல். இரண்டு வரித் தலைப்பில் மேலே ‘எழுதும் விழுதும்’, கீழே ‘கீரியும் மீனும்’ என்று வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். தமிழ்த் தலைப்புக்கு 1.35 முதல் 1.4. கைபேசியில் அளவையும் 28 பிக்சலுக்கு இறக்க வேண்டும்; 40 பிக்சலில் ஒரு வரிக்கு ஒன்றரைச் சொல்தான் வரும். ஆங்கிலப் பெருந்தலைப்பை இறுக்கிக் காட்ட எழுத்திடைவெளியை எதிர்மறையாக வைப்பது வார்ப்புருக்களின் வழக்கம். தமிழில் ‘ணை’, ‘தௌ’ போன்றவை பக்கத்து எழுத்தோடு மோதும். எழுத்திடைவெளி எங்கும் பூஜ்யம்.

சோதனைக்குப் பொருளற்ற இலத்தீன் நிரப்புரை வைப்பதை நிறுத்திவிட வேண்டும். மேலே சொன்ன கீரியும் மீனும் வரிகள், அந்த 20 எழுத்துச் சொல், ‘ஸ்ரீ, க்ஷ, கௌ, ழூ, ணொ, ஞா, ஔ, ஃ’ அனைத்தும் வரும் ஒரு பத்தி, நடுவே ‘1978’ போன்ற ஆண்டும் ஒரு ஆங்கிலச் சொல்லும். இவ்வளவு இருந்தால் பக்கம் எங்கே உடையும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும்.

எழுத்துரு

வாசகரின் கருவியிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. விண்டோஸ் 2000 லதாவோடு வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ. ஆப்பிள் கருவிகளில் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் சங்கம் எம்என். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். தனிப்பதிவுக்கு இவற்றையே நம்பினால் ஒரு பைட்கூட இறக்க வேண்டாம், பக்கம் உடனே தெரியும். அப்படி விடுவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பதிவுக்கென ஒரு முகம் வேண்டுமென்றால் கட்டற்ற உரிமத்தில் நல்ல தேர்வுகள் உண்டு. ஒரே தடிமனில் ஓடும் கோடுள்ளவற்றில் முக்த மலர் (ஏழு எடைகள், அதாவது தடிமன் அளவுகள்), ஹிந்த் மதுரை (ஐந்து), காத்தமரன் (ஒன்பது). தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுள்ளவற்றில் நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ். நீண்ட கட்டுரை எழுதுபவருக்கு இரண்டாம் வகையைப் பரிந்துரைப்போம். புத்தகப் பக்கத்தின் சாயல் அதில் இருக்கிறது. டிரோ தமிழ், மீரா இனிமை, பவனம் போன்றவற்றுக்கு ஒரே எடைதான் உண்டு. இது பின்னால் சிக்கலைத் தரும்.

எந்தச் சிக்கல் என்றால், தடித்த எழுத்து இல்லாத எழுத்துருவில் தடிமன் கேட்டால், உலாவி இருக்கும் வடிவத்தையே ஊதிப் பெருக்கிக் காட்டும். ‘ண’வின் சுழிகள் அடைபடும், ‘இ’யின் உள்வெளி கரிந்துபோகும், மெய்யின் புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டும். சாய்வெழுத்து கேட்டால் அப்படியே சரித்துவிடும். தமிழ் அச்சில் சாய்வெழுத்துக்கு ஆங்கிலத்தில் உள்ளதுபோல் வேரூன்றிய வழக்கம் இல்லை. டிரோ தமிழ் போன்ற சிலவற்றுக்குத் தனியான சாய்வு வடிவம் இருக்கிறது. மற்றவற்றுக்கு ‘ஃபான்ட்-சிந்தசிஸ்: நன்’ என்று போட்டு உலாவியின் கையைக் கட்டிவிட்டு, அழுத்தத்துக்கு (பல எடைகள் உள்ள எழுத்துருவில்) 600 எடை, நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் இல்லை. ஆங்கில வடிவமைப்பாளர் படிநிலை காட்டப் பயன்படுத்தும் இரண்டு கருவிகள் இங்கே கிடையாது. மிஞ்சுவது அளவு, எடை, வெளி, நிறம். ஆகவே துணைத்தலைப்புக்கு மேலே 2.5 எம், கீழே 0.6 எம் வெளி. அது எந்தப் பத்திக்குரியது என்பதை அந்த வெளியே சொல்லிவிடும்.

எழுத்துருவைச் சொந்தத் தளத்திலேயே வைப்பது நல்லது. பலரும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் வாசகரின் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் என்ற பழைய வாதம் இன்று செல்லாது. 2020-இல் வந்த குரோம் 86 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பு தனித்தனி. அதோடு, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம், கூகுள் ஃபான்ட்ஸை வெளியிலிருந்து அழைத்து வாசகரின் ஐபி முகவரியை அனுப்பிய தளம் ஒன்றுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. ஜெர்மனியில் வாசகர் உள்ள ஈழத்துப் பதிவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பைச் சிறிதாக்க ஃபான்ட்டூல்ஸ் தொகுப்பில் உள்ள பைஎஃப்டி-சப்செட் கருவி போதும். எடுத்துக்கொள்ள வேண்டியவை: யூனிகோடின் தமிழ்ப் பகுதி முழுவதும் (128 இடங்கள், அவற்றில் நிரம்பியவை 72), இணைப்பானும் இணைப்பறுப்பானும் ஆகிய இரண்டு அகலமற்ற குறிகள், புள்ளிவட்டம், ரூபாய்க் குறி. வெளியீடு, இணைய எழுத்துருவுக்கான சுருக்கிய வடிவமான டபிள்யூஓஎஃப்எஃப்2-இல். தமிழில் கூட்டெழுத்துகள் குறைவு என்பதால் ஒரு எடைக்கான கோப்பு பொதுவாகச் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடும்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, ஆனால் பக்கத்தையே கெடுத்துவிடும். இணையத்தில் உலவும் ஆங்கிலக் கட்டளையில், வைத்துக்கொள்ள வேண்டிய வடிவ அம்சங்களாக ‘கெர்ன், லிகா’ (எழுத்து நெருக்கம், கூட்டெழுத்து) இரண்டை மட்டும் குறித்திருப்பார்கள். தமிழ் எழுத்துருவில் ‘கு, கூ, டி, டீ’ போன்ற உருமாற்றங்களும் ‘க்ஷ, ஸ்ரீ’ கூட்டுகளும் இந்திய எழுத்துகளுக்கென்றே உள்ள வேறு அம்சங்களில் இருக்கின்றன. அவற்றை வெட்டிவிட்டால் ககரமும் உகரக் குறியும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். அந்த விருப்பத்தை எழுதாமல் விட்டாலே கருவி தேவையானவற்றை வைத்துக்கொள்ளும். ஐயமாக இருந்தால் எல்லா அம்சங்களையும் வைக்கச் சொல்லும் நட்சத்திரக் குறியைக் கொடுக்கலாம். கூடும் எடை மிகச் சிறிது.

தமிழ்ப் பத்திக்குள் வரும் எண்கள் துருத்திக்கொண்டு நிற்பதும் கவனிக்க வேண்டியது. வேறு எழுத்துருவிலிருந்து வரும் ‘1978’ பக்கத்தில் உள்ள ‘க’வைவிட ஓங்கி நின்றால், அந்த எழுத்துருவின் அறிவிப்பில் ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ மதிப்பை 90 முதல் 95 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். இலக்கத்தின் தலை ‘க’வின் தலைக்குச் சற்று மேலே நின்றால் சரி.

இணைப்புகளின் அடிக்கோடு சிறிய விஷயம்தான், ஆனால் பதிவு முழுக்க வருவது. எழுத்தின் வால் வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டுப் போவது உலாவிகளின் இயல்பு. ஆங்கிலத்தில் அது அழகு. ‘எழுத்துருவுக்கு’ என்ற சொல்லின் அடியில் கோடு துண்டு துண்டாகிவிடும். கோட்டை 0.3 எம் கீழே இறக்கி, தடிமனை 1 பிக்சலில் வைத்தால் முழுக் கோடாகத் தெரியும். வரி உயரம் 1.75 இருப்பதால் அதற்கு இடமும் இருக்கிறது.

மொழிப் பண்பைத் தமிழ் என்று மாற்றுவதற்கு ஒரு வரிதான். அதைச் செய்யாமல் விட்டால் சொல்லுடைப்பு நடக்காது என்பது போகட்டும். திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்குத் தமிழ்ப் பத்தியை ஆங்கிலக் குரல் படிக்க முயலும், அல்லது தாண்டிப் போகும். தனிப்பதிவு எழுதும் ஒவ்வொருவரும் இன்றே போய்ப் பார்க்க வேண்டிய வரி இது.

பழைய பதிவுகள்

பக்கம் சீரானதும் பழைய இடுகைகளின் குறை பளிச்சென்று தெரியத் தொடங்குகிறது. தமிழ் 1991-இலேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதைக் காட்டும் கணினி வீடுகளுக்கு வந்து சேர ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் டிஸ்கி, 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டேப், டேம், இதழ்கள் தத்தமக்கென வைத்துக்கொண்ட எழுத்துருக்கள் என்று பல குறியேற்றங்கள் ஓடின. விண்டோஸ் 98 வைத்திருந்த வாசகருக்காக இஓடி வடிவ இயங்கு எழுத்துருவைப் பதிவோடு சேர்த்து அனுப்பினார்கள். தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் 16 பிட் தமிழ்க் குறியேற்றமான டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது 2010-இல்தான்.

டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருந்தன. ‘கொ’ என்றால் கொம்பு, ககரம், கால். யூனிகோடில் ஒலி வரிசை: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. குறியேற்றத்தை மட்டும் மாற்றி, வரிசையை மாற்றாமல் விட்டால் கொம்பு முந்திய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளிவட்டத்தோடு அந்தரத்தில் நிற்கும். பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்து ஒட்டிய மேற்கோள்களிலும் இதே குறை வரும். தேடுவது எளிது: சொல் தொடக்கத்தில் உயிர்க்குறி வரும் இடங்களையெல்லாம் பட்டியலிட்டால் போதும்.

கண்ணுக்கே தெரியாத பிழைகள்தான் ஆபத்து. ரகரத்தைக் கீழ்க்கால் இல்லாமல் எழுதும் வடிவம் துணைக்காலைப் போலவே இருப்பதால், ‘அவர்கள்’ என்பதைத் துணைக்காலும் புள்ளியுமாகத் தட்டி ‘அவா்கள்’ என்று வைத்திருப்பார்கள். ‘ரி’யும் ‘ாி’யாக இருக்கும். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ இகர, ஈகரக் குறியோ தமிழில் வரவே வராது. அதனால் இந்த மூன்றையும் முழுத் தரவுத்தளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

ஔகாரம் அப்படியல்ல. ‘கௌரவம்’ என்பதை எகரக் குறியும் ளகரமுமாக ‘கெளரவம்’ என்று தட்டியிருப்பார்கள். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, ஆனால் ‘கௌரவம்’ என்று தேடினால் அந்தப் பதிவு வராது. மொத்தமாக மாற்றினால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’, ‘வெளியே’ எல்லாம் கெட்டுப்போகும். வடிகட்ட ஒரு வழி உண்டு: ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாமல் நேரே அடுத்த எழுத்து வரும் இடங்களை மட்டும் எடுக்க வேண்டும். ‘மெளனம், பெளர்ணமி, பெளத்தம், செளகரியம், வெளவால்’ எல்லாம் அதில் அகப்படும். அந்தப் பட்டியலைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றலாம்.

‘கொ’வையே ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் துணைக்காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். இவை சமம் என்று யூனிகோடு சொல்கிறது. யூனிகோடின் என்எஃப்சி சீராக்கத்தை ஒருமுறை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். மேலே சொன்ன ளகரப் பிழையையும் ரகரப் பிழையையும் இந்தச் சீராக்கம் தொடாது. அது செய்தாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. எதை மாற்றும் முன்னும் தரவுத்தளத்தின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

முகவரி

பதிவுத் தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ், தலைப்பிலிருந்து முகவரியைத் தானே உருவாக்கும். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியது 200. 22 தமிழ்க் குறிகளில் தீர்ந்துவிடும். குறி என்பது எழுத்து அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ‘க்’ என்பதே ககரமும் புள்ளியுமாக இரண்டு.

‘மழைக்காலத்துக் கிணறுகளும் கோடைக்கால ஊற்றுகளும்’ என்ற தலைப்பை வைத்துப் பாருங்கள். ‘மழைக்காலத்துக்’ 14 குறிகள், அதாவது 126 எழுத்து. நடுவில் சிறுகோடு ஒன்று, 127. மிஞ்சியது 73, அதில் கொள்வது எட்டுக் குறி. ‘கிணறுகளும்’ பத்துக் குறி. ஆகவே முகவரி ‘மழைக்காலத்துக்-கிணறுகளு’ என்று முடியும், மகர மெய் விழுந்துவிடும். இதே தொடக்கத்தோடு இரண்டாம் பாகம் எழுதினால் அதே துண்டு மீண்டும் வந்து, கடைசியில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிரும்போது சதவீதக் குறிகளின் மூட்டை ஒன்று முழுத் திரையையும் அடைக்கவும் கூடும். முகவரியைக் கையால் எழுதுவதுதான் தீர்வு. தமிழிலேயே வேண்டுமென்றால் ‘மழைக்கிணறு’ போல ஒரே சொல். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக ஒன்று. வெளியிட்ட பழைய முகவரிகளை மாற்றினால் 301 திசைதிருப்பல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) கட்டாயம். இருபது ஆண்டுகளாக யார் யாரோ கொடுத்த இணைப்புகள் செத்துப்போக விடக் கூடாது.

முன்னோட்டத் துணுக்கிலும் இதே பைட் சிக்கல் உண்டு. பழைய வார்ப்புருக்கள் பைட் கணக்கில் வெட்டும். மூன்று பைட்டின் நடுவில் வெட்டு விழுந்தால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. குறிக் கணக்கில் வெட்டினால் வைரம் வராது, ஆனால் ‘நூல்’ என்பது ‘நூல’ என்று முடியும். சொல்லெல்லையில்தான் வெட்ட வேண்டும். வேர்ட்பிரஸின் இயல்பான 55 சொல் என்பதும் தமிழுக்கு நீளம்; ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லில் சொல்வது தமிழில் இரண்டு சொல்லில் முடிந்துவிடும். 30 சொல் போதும். செய்தியோடையில் (ஆர்எஸ்எஸ்) மட்டும் துணுக்கு வேண்டாம், முழுப் பதிவையும் அனுப்பலாம்.

இந்த ஆய்வில் கைவிட்டது ஒன்று உண்டு: பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. ‘மழை’ என்று தொடங்கினால் அழகாக வரும். ‘கொடி’ என்று தொடங்கினால் கொம்பும் காலும் சேர்ந்து மூன்று பங்கு அகலம் எடுத்துக்கொண்டு கைபேசி வரியில் பாதியை விழுங்கும். ‘ஸ்ரீரங்கம்’ என்று தொடங்கினால் ‘ஸ்’ மட்டும் பெரிதாகி ‘ரீ’ சிறிதாக நிற்கும் வாய்ப்பு உண்டு. எந்த எழுத்தில் தொடங்குவது என்று பதிவர் யோசிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. அதனால் முதல் பத்தியை மட்டும் 20 பிக்சலாக்கி, முதலெழுத்தை அதன் போக்கில் விட்டாயிற்று.